தாத்தா கடை தீபாவளி நோட்டீஸும் ஒரு பழைய டிரெடிலும்

தாத்தாவின் பேரேட்டுக்குள் ஒரு தீபாவளி நோட்டீஸ் மடிந்து கிடந்தது. அது அச்சான அதே முறையில், ஈய எழுத்துக் கோத்து, காலால் மிதிக்கிற டிரெடில் மிஷினில் திரும்ப அடித்துப் பார்க்கலாம் என்று 2023 ஆவணியில் இறங்கினேன். தீபாவளிக்குள் முடித்துவிடுவதாகத் திட்டம். முடிந்தது பங்குனிக் கடைசி வாரத்தில். வெட்டிய 400 தாளில் 312 தேறின. செலவுக் கணக்கைக் கடைசியில் சொல்கிறேன். முதலிலேயே சொன்னால் மேலே படிக்க மாட்டீர்கள்.

நோட்டீஸ் டெமி 1/8 அளவு, மெல்லிய ரோஸ் தாள். மடிப்புக்கு வெளியே இருந்த பக்கம் வெளுத்து ஏறக்குறைய வெள்ளையாகிவிட்டது. உள்பக்கம் இன்னும் ரோஸ். உச்சியில் பிள்ளையார் சுழி. அதன்கீழ் மர எழுத்தில் ‘தீபாவளி’. பிறகு ‘நூதன ரக ஜவுளிகள் வந்திறங்கியிருக்கின்றன’, ‘சகாய விலை’, ‘சுங்குடிச் சேலை’, ‘வேலைப்பாடுள்ள ஜரிகை’ என்று வரிக்கு வரி அளவு மாறும் எழுத்து. விரல் நீட்டிக் காட்டும் கை அடையாளத்துக்குப் பக்கத்தில் ‘குழந்தைகளுக்கு பலூன் இனாம்’. அடியில் ‘போன்: 47’. சுற்றிலும் பூ பார்டர்.

தேதி எங்கேயும் இல்லை. ஆனால் விலையெல்லாம் ‘ரூ. 8-50 ந.பை.’ என்ற பாணியில் இருந்தது. நயா பைசா 1957 ஏப்ரலில் வந்தது. 1964 ஜூனில் ‘நயா’ உதிர்ந்து வெறும் பைசா ஆனது. ஆக அந்த ஏழு வருஷத்துக்குள் அடித்தது. நடுவில் ஒரு வரி ‘சோபகிருது வருஷத் தீபாவளிக்கு’ என்று தொடங்கியதால் 1963 என்று உறுதியானது. பேரேட்டிலும் அந்த ஐப்பசியில் ‘நோட்டீஸ் 2000-க்கு ரூ. 18’ என்று தாத்தா கையெழுத்தில் ஒரு பற்று. அறுபது வருஷம் சுற்றி அதே சோபகிருது 2023-இல் வந்திருந்தது. அதுதான் என்னைக் கெடுத்தது.

முதலில் சோம்பேறி வழியைத்தான் பார்த்தேன். நோட்டீஸை ஸ்கேன் செய்து, கம்ப்யூட்டரில் பழைய சாயலுள்ள எழுத்துருவைப் போட்டு, பார்டர் வரைந்து, ரோஸ் தாளில் பிரிண்ட் எடுத்தேன். சுத்தமாக வந்தது. ‘பழைய காலத்து’ அலங்காரம் என்று ஓட்டல் சுவரில் மாட்டுகிறார்களே, அந்த மாதிரியும் வந்தது. எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற கம்பாசிட்டர் (அச்சகத்தில் எழுத்துக் கோப்பவர்) ஒருவர் இருக்கிறார். வயது 76, எல்லாருக்கும் அவர் அண்ணாச்சி. அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு நிமிஷம் பார்த்தார். “தம்பிக்கு எழுத்தெல்லாம் வேணுங்கிற அளவுக்கு இருந்திருக்கு போல” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அவர் என்ன சொன்னார் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

மிஷின் பக்கத்து ஊரில் கிடைத்தது. பத்து வருஷமாகப் பூட்டிக் கிடந்த அச்சகத்தில் 10-க்கு 15 அங்குல டிரெடில் ஒன்று, பழைய இரும்புக்குப் போகக் காத்திருந்தது. கிலோ 32 ரூபாய், 600 கிலோ என்று மதிப்புப் போட்டு 19,200 கொடுத்தேன். எடை போட்டுப் பார்க்கவில்லை. குட்டி யானையிலிருந்து இறக்கும்போது ஐந்து பேர் பட்ட பாட்டைப் பார்த்தால் மதிப்பு குறைவாகவே தோன்றியது. வண்டியும் கூலியும் 3,500.

இந்த வகை மிஷினின் மூல அமைப்பு 1850-களில் நியூயார்க்கில் ஜார்ஜ் கார்டன் என்பவர் செய்தது. பெஞ்சமின் பிராங்க்ளின் தன் கனவில் வந்து விளக்கியதாக அவர் சொல்லிக்கொள்வாராம். எழுத்துச் சட்டம் நிமிர்ந்து நிற்கும். எதிரே தாள் வைக்கும் பலகை வாயைத் திறந்து மூடுவதுபோல் வந்து அதன்மேல் சாயும். வாய் திறந்திருக்கும் நேரத்தில் ரோலர்கள் மேலேயுள்ள வட்டத் தட்டில் மையைத் தொட்டுக்கொண்டு எழுத்தின்மேல் இறங்கி ஏறும். இவ்வளவுதான். ஆனால் என் மிஷினில் எதுவும் அசையவில்லை.

மண்ணெண்ணெயும் கியர் ஆயிலும் சரிபாதி கலந்து எல்லா மூட்டிலும் நான்கு நாள் விட்டேன். ஐந்தாம் நாள் பெரிய சக்கரம் கால் சுற்றுச் சுற்றி நின்றது. இன்னும் எண்ணெய், இன்னும் எண்ணெய் என்று ஊற்றிக்கொண்டே இருந்தேன். பிறகுதான் டார்ச் அடித்துப் பார்த்தேன்: பக்கக் கை ஓடும் பள்ளத்துக்குள் குளவி மண்கூடு கட்டி, அது கல்லாக இறுகியிருந்தது. ஸ்க்ரூ டிரைவரால் பத்து நிமிஷ வேலை. எண்ணெய் ஊற்றுவதற்கு முன் வெளிச்சம் காட்டிப் பார்த்திருந்தால் ஒரு வாரம் மிச்சம். மிதிகட்டையின் கொக்கி உடைந்திருந்தது; வெல்டிங். மைத்தட்டை ஒவ்வொரு மிதிக்கும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுழற்றும் பல்லுக்கு ஸ்பிரிங் இல்லை. சைக்கிள் ஸ்டாண்டு ஸ்பிரிங்கை வெட்டி மாட்டினேன். யாரோ பின்னாளில் மோட்டார் மாட்டியிருந்தார்கள், அதைக் கழற்றிவிட்டேன். வாய் மூடும்போது விரல் உள்ளே இருந்தால் மோட்டார் நிற்காது, என் கால் நிற்கும்.

எழுத்துகள் அதே அச்சகத்தில் கிலோ 170 ரூபாய்க்கு, ஈய விலைக்கு. 24, 18, 14, 12 பாயிண்ட் (எழுத்தின் அளவு) கேஸ்கள், அதாவது அறை அறையாகப் பிரித்த எழுத்துப் பெட்டிகள், மொத்தம் 38 கிலோ. மர எழுத்து 61, ஒன்று 25 ரூபாய். ஈய எழுத்தில் பாதிக்கு வெள்ளையாகப் பொடி பூத்திருந்தது. அதை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டக் கூடாது, தூசு மூச்சில் போகும். மண்ணெண்ணெயில் நனைத்த பிரஷ், கையுறை, வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவல், அந்த அறையில் காபி கிடையாது. இவற்றில் மட்டும் நான் ஒருநாளும் ஏமாற்றவில்லை.

இப்போது எழுத்துச் சிக்கலுக்கு வருகிறேன். 1978 அக்டோபரில் எழுத்துச் சீர்திருத்த அரசாணை வந்தது. பெரியார் 1935 முதல் குடிஅரசில் கையாண்ட முறையைத் தழுவியது அது. அதற்கு முன் அச்சில் லை, ளை, ணை, னை நான்குக்கும் முன்னால் தும்பிக்கை தூக்கியிருக்கும். ணா, றா, னா மூன்றும் கால் போடாமல் சுருண்டிருக்கும். இப்போது ‘ை’ ஓர் எழுத்தாகவும் ‘ல’ ஓர் எழுத்தாகவும் கோக்கிறோம். அப்போது தும்பிக்கை லை முழுசாக ஒரே வார்ப்பு. நான் இதை அறிந்திருந்தும், முதல் நாள் ‘சகாய விலை’யைப் புது முறையில் கோத்துவிட்டு, அசலோடு வைத்துப் பார்த்தபோதுதான் தலையில் அடித்துக்கொண்டேன். 63-ஆம் வருஷத்து நோட்டீஸில் 78-க்குப் பிந்திய லை.

கேஸ்களில் பழையதும் புதியதும் கலந்திருந்தன. 14 பாயிண்டில் தும்பிக்கை லை ஆறு இருந்தது, அது போதும். 24 பாயிண்டில் சரியாக மூன்று. நோட்டீஸில் அந்த அளவில் வேண்டியதும் மூன்று: விலை, சேலை, வேலைப்பாடு. கணக்குச் சரியாக இருந்ததில் எனக்கு அன்று தூக்கம் நன்றாக வந்தது.

கையில் பிடித்து எழுத்துக் கோக்கும் ஸ்டிக்கை 28 எம் (ஓர் எம் 12 பாயிண்ட்) அளவுக்கு வைத்துக் கோக்கத் தொடங்கினேன். தலைகீழாக, இடமிருந்து வலம். அண்ணாச்சி ஒரு மணி நேரத்தில் முடிக்கும் வேலைக்கு எனக்கு ஒன்பது மாலைகள் ஆயின. ஒரு வரி இறுக்கமாக இருக்கவேண்டும். ஸ்டிக்கைச் சாய்த்தால் விழக் கூடாது, கட்டைவிரலால் தள்ளினால் நகரவேண்டும். நான் தளர்வாகக் கோத்த மூன்று வரிகள், கோத்ததை அடுக்கும் கேலித் தட்டுக்கு மாற்றும்போது பொலபொலவென்று கொட்டின. கொட்டியதைப் பொறுக்கி எடுப்பதற்குள் ‘ஐப்பசி’யின் ப்-பும் ‘ஜவுளி’யின் வு-வும் கட்டிலுக்கு அடியில் போய்விட்டன.

பார்டருக்கு 12 பாயிண்ட் பூ. வெளிச்சுற்று 30 எம் அகலம், 48 எம் உயரம். மூலைப் பூவை இரண்டு தடவை எண்ணாமல் பார்த்தால் 152 பூ வேண்டும். ஒரே ரகத்தில் என்னிடம் 140. பன்னிரண்டு குறைந்தது. அசலை எடுத்து லென்ஸ் வைத்துப் பார்த்தேன். மூன்று பக்கம் ஒரே பூ, அடிப்பக்கம் முழுக்க வேறு பூ. இத்தனை நாளும் அதை அலங்காரம் என்றே எண்ணியிருந்தேன், கம்ப்யூட்டர் வடிவத்தில் அடிப் பார்டருக்கென்று தனியாக ஒரு பூக்கூட வரைந்திருந்தேன். அன்று கோத்த கம்பாசிட்டருக்கும் பூ தீர்ந்திருக்கிறது! மீதி மூன்று பக்கத்தில் ஒட்டுப்போட்டது தெரியாமல் இருக்க, அடிப்பக்கம் முழுவதையும் மாற்றியிருக்கிறார். நானும் அதையே செய்தேன். அண்ணாச்சி முதல் நாள் சொன்னது அன்று மாலை விளங்கியது.

அப்புறம் ரோலர். இந்த வேலையில் நான் அதிக நாள் தொலைத்தது இதில்தான். மிஷினோடு வந்தவை வெறும் இரும்புத் தண்டுகள். மேலே இருந்த ரப்பர் பொடிந்து உதிர்ந்துவிட்டது. ரப்பர் புதிதாகப் போட ஒன்றுக்கு 2,400 கேட்டார்கள். மூன்று தண்டு. அண்ணாச்சி, தான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அச்சகத்துப் பின்கட்டிலேயே வச்சிரப் பசை காய்ச்சி ரோலர் ஊற்றுவார்கள் என்று சொன்னார். கேட்டதும் எனக்கு ஆசை வந்துவிட்டது. இரண்டு ரோலர் ஊற்றினால் போதும், சின்ன வேலைக்கு ஓட்டிவிடலாம் என்றார்.

தண்டு 20 மி.மீ. கனம். ரோலர் ஓரத்துச் சக்கரம் 45 மி.மீ.; ரோலரும் அதே விட்டம் வரவேண்டும். நீளம் 420. கணக்குப் போட்டால் ஒரு ரோலருக்குச் சுமார் 540 மில்லி கலவை. உள்விட்டம் 45 வரும் பி.வி.சி. பைப் துண்டுதான் அச்சு.

முதல் தடவை: தச்சர்கள் வாங்கும் வச்சிரம் 300 கிராம், ராத்திரி முழுக்க ஊறல், காலையில் தண்ணீரை வடிக்காமல் அப்படியே அடுப்பில் வைத்து, வெல்லப்பாகு 300 கிராம் சேர்த்துக் கொதிக்கவிட்டேன். வீடு முழுக்க ஒரு வாடை, அம்மா பேசவில்லை. பைப்பின் உள்ளே தேங்காய் எண்ணெய் தடவி ஊற்றினேன். மறுநாள் இழுத்தால் வரவில்லை. பைப்பை அறுத்தேன். உள்ளே ஆப்பம் மாதிரி ஓட்டை ஓட்டையாக ஒரு ரோலர். மத்தியான வெயிலில் அது தண்டிலிருந்து ஒரு பக்கமாகத் தொங்கத் தொடங்கியது. சாயங்காலம் எறும்பு வந்தது.

“கொதிக்கவா விட்டீங்க? கொதிச்சா வச்சிரம் செத்துப்போகும் தம்பி” என்றார் அண்ணாச்சி. நான் கேட்காமல் விட்ட கேள்வி அது.

இரண்டாம் தடவை எல்லாவற்றையும் மாற்றினேன். ஊறிய வச்சிரத்தை நன்றாக வடித்தேன். 300 கிராம் ஊறி 520 ஆகியிருந்தது. பெரிய பாத்திரத்து வெந்நீருக்குள் சின்னப் பாத்திரம் வைத்து உருக்கினேன், தெர்மாமீட்டரில் 70 டிகிரியைத் தாண்டவிடவில்லை. வெல்லத்துக்குப் பதில் கிளிசரின் 300 கிராம். கிளறாமல், மெதுவாகச் சுற்றிவிட்டு, இரண்டு மணி நேரம். மேலே மிதந்த நுரையை வழித்தேன். பைப்பை நீளவாக்கில் ஒரு கீறலாக அறுத்து, ஐந்து ஹோஸ் கிளிப் போட்டு இறுக்கினேன். தண்டை வெயிலில் வைத்துச் சூடாக்கி நடுவில் நிறுத்தி, கலவையைத் தண்டின் மேலேயே வழியும்படி ஊற்றினேன். 24 மணி நேரம் கழித்துக் கிளிப்பைக் கழற்றினால் வழுக்கிக்கொண்டு வந்தது. காரமல் நிறம், கன்னத்தைத் தொடுவது மாதிரி ஒரு மென்மை. கீறல் இருந்த இடத்தில் அரை மி.மீ. மேடு, பிளேடால் சீவினேன். அன்று நான்கு பேருக்கு போன் செய்து ரோலரைப் பற்றிப் பேசினேன். நான்கு பேரும் அவசர வேலை இருப்பதாகச் சொன்னார்கள்.

மை, ஆப்செட்டுக்கான கறுப்பு. கிலோ டப்பா 620 ரூபாய். முதல் புரூஃப், அதாவது சோதனை அச்சு, ஐப்பசி இரண்டாம் வாரம் எடுத்தேன். சாம்பல் நிறம், பாதி எழுத்து விழவில்லை, ஆனாலும் நோட்டீஸ். தீபாவளி நவம்பர் 12. நாள் இருந்தது.

மழை பிடித்துக்கொண்டது.

வச்சிரம் காற்றில் உள்ள ஈரத்தைக் குடிக்கும். மூன்று நாள் மழையில் என் ரோலர்கள் 45-லிருந்து 47 மி.மீ. ஆகிவிட்டன. மேற்பரப்பில் வியர்வை மாதிரி ஈரம். மை ஒட்டாமல் வழுக்கியது. பல்பு எரியவிட்டுப் பக்கத்தில் வைத்தேன், ஒரு பக்கம் உருகியது. ஐரோப்பிய, அமெரிக்க அச்சகங்களில் கோடைக்கு ஒரு கலவை, குளிர்காலத்துக்கு ஒரு கலவை என்று இரண்டு செட் ரோலர் வைத்திருந்த கதை பிறகுதான் கண்ணில் பட்டது. நான் புரட்டாசி வெயிலுக்குச் செய்ததை ஐப்பசி மழையில் ஓட்டப் பார்த்தேன். தீபாவளி வந்தது, போனது. கம்ப்யூட்டரில் அடித்ததைச் சொந்தக்காரர்களுக்குக் கொடுக்கலாமே என்று தங்கை சொன்னாள். கொடுக்கவில்லை.

மார்கழியும் தையும் மர எழுத்தில் போயின. ‘தீபாவளி’க்கு 72 பாயிண்டில் தீ, ப, கால், வ எல்லாம் இருந்தன, ளி இல்லை. செதுக்க உட்கார்ந்தேன். தேக்குப் பலகைத் துண்டில் முதல் முயற்சி. சுழிக்குள் திரும்பும்போது நார் பிளந்து வந்தது. இரண்டாவதும் அப்படியே. பிறகு போன வருஷம் வெட்டிப்போட்ட கொய்யாக் கிளை காய்ந்து கிடந்ததை அறுத்து எடுத்தேன். கொய்யா நெருக்கமான மரம், உளி எந்தப் பக்கம் போனாலும் கேட்கிறது. எழுத்தின் உயரம் 23.3 மி.மீ. இருக்கவேண்டும், ஈயமானாலும் மரமானாலும். வெர்னியரில் அளந்து உப்புத்தாளில் தேய்த்து வந்தபோது ஒரு கணம் கை மீறி 23.1 ஆகிவிட்டது. பழைய மர எழுத்துகளும் தேய்ந்து 23-க்குப் பக்கத்தில்தான் இருந்தன. அடியில் மெல்லிய தாள் ஒட்டி உயர்த்தினேன்: ளி-க்கு இரண்டு, வ-வுக்கு மூன்று, தீ-க்கு நான்கு.

மாசி பிறந்து காற்று உலர்ந்ததும் மூன்றாம் தடவை ரோலர் ஊற்றினேன். வச்சிரம் 350, கிளிசரின் 280, கொஞ்சம் கெட்டியாக. மறுபடி மிஷினில் ஏற்றி உயரம் சரிபார்த்தேன்: மை தடவிய ரோலரை ஓர் எழுத்துக்கட்டையின் மேல் இறக்கி எடுத்தால் விழும் கோடு 3 மி.மீ. அகலம் இருக்கவேண்டும். ஒரு பக்கம் 3, மறுபக்கம் 6. ரோலர் சக்கரம் ஓடும் தண்டவாளத்தில் இன்சுலேஷன் டேப் இரண்டு சுற்று ஒட்டினேன், சரியாகிவிட்டது.

அப்புறம் நான் செய்ததுதான் இந்த ஏழு மாதத்தின் பெரிய மடத்தனம். புரூஃபில் இடது மேல் மூலை மங்கலாக விழுந்தது. பலகைக்குப் பின்னால் அழுத்தத்துக்கு நான்கு ஸ்க்ரூ உண்டு. அந்த மூலை ஸ்க்ரூவை அரைச் சுற்று முடுக்கினேன். கொஞ்சம் தெளிந்தது. இன்னும் அரைச் சுற்று. தாளின் பின்பக்கம் எழுத்து முத்திரைபோல் புடைத்துக்கொண்டு வந்தது. அழகாக இருக்கிறதே என்று ரசித்தேன். இப்போது கல்யாணப் பத்திரிகைகளில் அந்தப் புடைப்புக்கென்றே காசு வாங்குகிறார்கள். நான்காவது தாளில் ‘டக்’ என்று ஒரு சத்தம். ‘விலை’யில் தும்பிக்கை இல்லை. ஈயத்தின் மெல்லிய வளைவு நசுங்கி உடைந்து, தாளிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது.

மூன்றில் ஒன்று போனது.

அண்ணாச்சியை வீட்டுக்கே கூட்டிக்கொண்டு வந்தேன். அவர் முதலில் நான்கு ஸ்க்ரூவையும் பழைய நிலைக்குத் தளர்த்தினார். நான்கு மூலையிலும் ஒவ்வோர் எழுத்தை மட்டும் வைத்து, நான்கும் ஒரே மாதிரி விழும்வரை சரிசெய்தார். அதற்குப்பின் ஸ்க்ரூவைத் தொடவே கூடாது என்றார். மங்கிய இடங்களைப் புரூஃபில் பென்சிலால் வட்டமிட்டு, அந்த வட்டத்தைக் கிழித்து, மெல்லிய தாளாகப் பலகையின் உறைக்கு அடியில் பசையால் ஒட்டினார். கத்தரியால் வெட்டவில்லை, வெட்டினால் விளிம்பு அச்சில் தெரியும், கிழித்தால் ஓரம் தானாக மெலியும். பதினோரு ஒட்டு. கேட்டால் சின்ன விஷயம். நோட்டீஸ் அதற்குப் பிறகுதான் ஒரே சீராகக் கறுத்தது.

உடைந்த லை-க்கு என்ன செய்வது? அவர் 18 பாயிண்ட் கேஸிலிருந்து ஒரு தும்பிக்கை லை எடுத்தார். கீழே, வரிக்கு நடுவில் இடைவெளிக்கு வைக்கும் 6 பாயிண்ட் லெட் தகடு ஒரு துண்டு. 18-ம் 6-ம் 24. வரியில் கச்சிதமாக உட்கார்ந்தது. எழுத்துதான் கொஞ்சம் சின்னது, கொஞ்சம் மேலே ஏறிய மாதிரி. “யாரு பாக்கப்போறா?” என்றார். அசலை மறுபடி லென்ஸில் பார்த்தேன். ‘சேலை’யில் உள்ள லை மற்ற எழுத்தைவிட மெலிந்து, ஒரு முடியளவு தாழ்ந்து நிற்கிறது. அறுபது வருஷமாக யாரும் பார்க்கவில்லை.

அடியில் அசல் அச்சகத்தின் பெயரும் ஊரும் 8 பாயிண்டில் இருந்தன. அச்சடித்த தாளில் அச்சிட்டவர் பெயரும் இடமும் வேண்டும் என்றது 1867-ஆம் வருஷத்துச் சட்டம், 2024 வரை இருந்தது. பழைய நோட்டீஸ்களை எங்கே அடித்தார்கள் என்று இன்றைக்கும் நமக்குத் தெரிவது அதனால்தான். அந்த வரியை நான் கோக்கவில்லை. அவர்கள் அடிக்காததற்கு அவர்கள் பெயர் எதற்கு? ‘மறு அச்சு, 2024’ என்று போட்டு என் ஊர்ப் பெயரைச் சேர்த்தேன்.

தாளுக்குச் சிவகாசியில் அலைந்தேன். இப்போது கிடைக்கும் ரோஸ், கண்ணைக் குத்துகிற ரோஸ். டீத் தண்ணீரில் நனைத்துப் பழசாக்கிப் பார்த்தேன். தாள் அப்பளமாகச் சுருண்டது. விட்டுவிட்டேன். 63-இல் அதுவும் கண்ணைக் குத்தியிருக்கும், மடிப்புக்குள் இருந்த பக்கமே சாட்சி.

பங்குனியில் பகலில் 37 டிகிரி. வச்சிர ரோலர் அதைத் தாங்காது. ஏப்ரல் 9-ஆம் தேதி செவ்வாய்க்கிழமை விடிகாலை நாலரைக்கு மிஷினில் ஏறினேன். தாள் வைக்க வலது கை, எடுக்க இடது கை, மிதிக்க வலது கால். முதல் ஐம்பது தாளில் கையும் காலும் ஒத்துப்போகவில்லை. பிறகு ஒரு தாளம் வந்தது. தட்டில் மை அதிகமானால் ‘ஞ’வும் ‘ஜ’வும் குழி அடைத்துக்கொள்ளும், குறைந்தால் தலைப்பு சாம்பலாகும், முப்பது தாளுக்கு ஒருமுறை கத்தி நுனியில் கடலையளவு மை. ஏழேகாலுக்கு ரோலர் பிசுபிசுக்கத் தொடங்கியபோது நிறுத்தினேன். கிலோ டப்பாவில் 40 கிராம்கூடக் குறையவில்லை.

கணக்கு: மிஷின் 19,200. வண்டி 3,500. ஈய எழுத்து 6,460. மர எழுத்து 1,525. வச்சிரம், கிளிசரின், பைப், கிளிப் மூன்று தடவைக்கும் 2,340. மை 620. தாளும் வெட்டுக் கூலியும் 1,150. வெல்டிங், எண்ணெய், மண்ணெண்ணெய், இதர சில்லறை 1,850. மொத்தம் 36,645. ஒரு நோட்டீஸ் 117 ரூபாய் சொச்சம். தாத்தாவுக்கு 2000 நோட்டீஸ் 18 ரூபாய். ஒன்று ஒரு பைசாவுக்கும் கீழே.

அடுத்த தடவை ரப்பர் ரோலருக்குக் காசைக் கொடுத்துவிடுவேன். மூன்றுக்கும் 7,200, ஆனால் மழையிலும் வெயிலிலும் ஓடும். வச்சிரம் ஊற்றியதில் வருத்தமில்லை, அதை நம்பித் தேதி குறித்ததில்தான் வருத்தம். எழுத்துக் கோப்பதற்கு முன்பே ஒவ்வொரு கேஸிலும் எந்த எழுத்து எத்தனை என்று எண்ணி எழுதி வைப்பேன். அழுத்த ஸ்க்ரூவின் மேல் பெயிண்டு அடித்துவிடுவேன், கை போகாதபடி. வெள்ளெழுத்து வந்துவிட்ட என் கண்ணுக்கு 8 பாயிண்டில் எதையும் கோக்க மாட்டேன்.

அண்ணாச்சிக்கு ஒரு பிரதி கொண்டுபோனேன். வாசல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். ‘ஜரிகை’க்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கறுப்புக் கட்டம், சொல்லுக்கு இடையில் வைக்கும் ஸ்பேஸ் கட்டை ஒன்று மேலே எழுந்து மை பட்டிருக்கிறது. அதன்மேல் விரலை வைத்துச் சிரித்தார். “எழுத்தைப் பிரிச்சுப் போட்டாச்சா?” என்றார். இல்லை என்றேன். “பிரிச்சுப் போட்டாத்தான் வேலை முடிஞ்சதா அர்த்தம்.”

சனிக்கிழமை, சோபகிருதுவின் கடைசி நாள், எழுத்தை இறுக்கிய இரும்புச் சட்டமான சேஸைக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, ஒவ்வொரு வரியாகப் பிரித்தேன். க அறைக்குள் க, பா-வின் கால் அதன் அறைக்குள். 24 பாயிண்ட் லை இரண்டையும் போட்டேன். அடுத்த அறை ளை. ‘நாளை முதல் விற்பனை’யிலிருந்த ஒரே ளை-யைப் போடக் கையை விட்டபோது இன்னொன்று விரலில் தட்டுப்பட்டது, எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். அது தும்பிக்கை லை. புத்தம் புதுசு மாதிரி, ஒரு கீறல்கூட இல்லாமல். எந்தக் காலத்திலோ யாரோ அறை மாற்றிப் போட்டிருக்கிறார்.